கனமானது அங்கேயே கிடக்கும்

தில்லியின் பாராபுல்லா நாலாவில் விழுந்ததெல்லாம் யமுனைக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறோம். போவது நுரையும் பிளாஸ்டிக்கும் கறுத்த தண்ணீரும்தான். தங்கம் போகாது. மணலைவிட ஆறேழு மடங்கு கனமான பொருள் அது. சாக்கடையின் மந்தமான ஓட்டத்துக்கு அதை உருட்டிக்கொண்டு போகத் தெம்பு கிடையாது. விழுந்த இடத்திலிருந்து சில அடி நகரும், சேற்றில் இறங்கும், கெட்டித்தரை தட்டுப்படும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு அங்கேயே கிடக்கும். அந்த நாலாவின் கரையில் ஐம்பது ஆண்டுக்கு மேல் குடியிருந்த, மதராசி கேம்ப் என்ற தமிழர் குடியிருப்பின் பெண்கள் குளிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் தொலைத்த திருகாணிகள் எங்கும் ஓடிவிடவில்லை. அவரவர் வீட்டுப் பின்பக்கத்தில், கழுவிய தண்ணீர் விழுந்த இடத்தை ஒட்டித்தான் கிடந்திருக்கும். 2025 ஜூன் 1 அன்று அந்த வீடுகள் இடிக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணமே அந்தச் சேறுதான். நாலாவைத் தூர்வார வேண்டும், இயந்திரம் இறங்கக் கரையில் இடம் வேண்டும், மழைக்காலத்துக்கு முன் வேலை முடிய வேண்டும்.

தொலைந்த நகையைத் தேடுகிறவர்களுக்குத் தங்கத்தைப் பற்றி அதிகம் தெரிய வேண்டியதில்லை. மண்ணைப் பற்றித் தெரிய வேண்டும். திருச்செந்தூர்க் கடலில் நீராடும் பக்தர்களின் சங்கிலியும் மோதிரமும் அலையில் போவது வாடிக்கை. அவற்றில் சிலவற்றைக் கண்டெடுத்து உரியவரிடம் சேர்ப்பவர்கள் அங்கே சிப்பி அரிக்கும் தொழிலாளர்களும் கடற்கரைப் பாதுகாப்புப் பணியாளர்களும். பறிகொடுத்தவர் அழுதுகொண்டு கடலைப் பார்ப்பார். தேடுகிறவர் அவர் நின்ற இடத்தைப் பார்ப்பார். தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, எப்போது விழுந்தது, அதற்குப் பிறகு நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுத்தது, இவைதான் வேண்டிய விவரங்கள். அலை மணலைக் கலக்கிவிடும் ஒவ்வொரு தடவையும் கனமான பொருள் ஒரு விரற்கடை கீழே போகும். சிப்பிகள் படிந்த அடுக்கிலோ களிமண் அடுக்கிலோ போய் நிற்கும். சிப்பியை அரிக்கிறவர் கைக்கு அந்த அடுக்கு தெரியும், அன்றாடம் அதில்தான் வேலை. அதனால்தான் வெளியூரிலிருந்து எந்திரம் கொண்டுவருகிறவருக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. மெட்டல் டிடெக்டர் அழகான யோசனை. சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடும். அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் ஒரு சிறு மின்சுழல் கிளம்பும். அந்தச் சுழலைக் கருவி கேட்டுக் காதில் கீச்சிடும். ஆனால் கடற்கரை அதற்குக் கடினமான இடம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஈர மணலே உலோகம்போலக் கீச்சிட வைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம்போல் கருமணல் நிறைந்த கரைகளில் குழப்பம் இன்னும் கூடும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளுக்கும் மெல்லிய மோதிரத்துக்கும் அது ஏறத்தாழ ஒரே குரலில் பதில் சொல்லும்.

இந்தக் கருவியின் முன்னோடி ஒன்று மனித உடலில் தேடியது. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டபோது உடலுக்குள் போன குண்டு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். அதிபர் படுத்திருந்த மெத்தைக்கடியில் எஃகுச் சுருள்கள் இருந்தன, கருவி அவற்றைக் கேட்டுக் குழம்பியது. தவிர, மருத்துவர் குண்டு வலப்பக்கம் இருப்பதாக முடிவுகட்டி அங்கே மட்டும் தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். கருவி வேலை செய்யத்தான் செய்தது. எங்கே தேட வேண்டும் என்று சொன்னவர் அந்த உடலை விசாரிக்கவில்லை.

2020 நவம்பரில் நிவர் புயல் கடந்தபின் ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மீனவக் குடும்பங்கள் மணலில் குனிந்து பொடிப்பொடியாகத் தங்கம் பொறுக்கின. புதையல் என்று ஊரே ஓடிவந்தது. கடல் அரித்துக்கொண்டே வரும் கரை அது. பல ஆண்டுகளாக வீடுகளையும் கோயில்களையும் விழுங்கியிருந்தது. அங்கே வீடு கட்டும்போதும் கோயில் எழுப்பும்போதும் அடித்தளத்தில் ஒரு துணுக்குத் தங்கம் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தத் துணுக்குகள்தான் கரையேறியிருக்கின்றன என்று சொன்னார்கள். அப்படியானால் அது கப்பலில் வந்த செல்வம் அல்ல. அவர்களுடைய தாத்தா பாட்டி வீட்டு வாசலுக்கடியில் வைத்தது.

நம் வீடுகளிலும் இது உண்டு. வாசக்கால் நிறுத்தும்போது அடியில் நவதானியம், பஞ்சலோகத் துண்டு, ஒரு நாணயம். கையில் இருந்தால் ஒரு பொட்டுத் தங்கம். வசதியில்லாதவர்கள் வெறும் காசு வைப்பார்கள், ஆனால் வைக்காமல் வாசக்கால் நிறுத்துவது அபூர்வம். மதராசி கேம்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாசக்கால்தான் நினைவில் வருகிறது. வெளியே போகச் சொன்னால் பெட்டியைத் தூக்கலாம், அடுப்பைத் தூக்கலாம், சாமிப்படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளலாம். நகையை எவரும் விட்டுவிட்டுப் போவதில்லை, அது முதலிலேயே இடுப்பு முடிச்சுக்குப் போய்விடும். வாசக்காலுக்கடியில் இருப்பதை எப்படி எடுப்பது? அதை எடுக்க வீட்டை நாமே இடிக்க வேண்டும்.

ஜங்புராவில், ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாலாவின் கரையோரம் 1970 வாக்கில் குடியேறிய தமிழர்களின் இடம் மதராசி கேம்ப். அருகிலேயே ஜஹாங்கீர் காலத்தில் மிஹ்ர் பானு ஆகா கட்டுவித்த பாராபுல்லா பாலம், பன்னிரண்டு தூண்களோடு இன்றும் நிற்கிறது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக நாலாவையொட்டி உயர்த்திக் கட்டிய சாலைக்கும் அதே பெயர். இந்தப் பழைய பாலத்துக்கும் புதிய பாலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 370 வீடுகள். ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். பெண்களில் பெரும்பாலோர் ஜங்புராவிலும் அக்கம்பக்கத்துக் காலனிகளிலும் வீட்டு வேலை செய்தார்கள். காலையில் நடந்தே போய்வரும் தூரம். பிள்ளைகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் தமிழ் படித்தார்கள். தில்லியில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண்ணின் காதில் கிடப்பது பெரும்பாலும் அரைப் பவுனுக்கும் குறைவான தோடு. அதைப் பிடித்துவைக்கும் திருகாணி ஒரு கிராமில் சிறு பகுதி. சோப்பு நுரையும் ஈரமும் பட்டுப் பட்டு அதன் மரை தேயும். ஒருநாள் தலையைத் துவட்டும்போது காது லேசாக இருப்பது தெரியும். அப்போது வீட்டில் என்ன நடக்கும் என்பது தமிழ் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் தெரியும். "யாரும் அசையாதீங்க" என்று ஒரு குரல். முதல் வேலை, தண்ணீர் வெளியேறும் துளையில் துணியை அடைப்பது. அடுத்து, பாயை உதறாமல் அப்படியே சுருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது. பெருக்கிய குப்பையை முறத்தில் பரப்பி விரலால் கோடு கோடாக ஒதுக்குவது. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிப்பது. மேலிருந்து அடித்தால் தரைதான் தெரியும், கிடையாக அடித்தால் கடுகளவு பொருளுக்கும் நீளமான நிழல் விழும். நிழலைப் பிடித்துப் பொருளுக்குப் போகலாம். இத்தனையும் ஒரு பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி செய்வாள். நடுவில் அரைக்காசு அம்மனுக்கு ஒரு வேண்டுதல், கிடைத்தால் வெல்லம் வைப்பதாக. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள்தான் அரைக்காசு அம்மன். சமஸ்தானத்தின் அம்மன் காசிலிருந்து வந்த பெயர். தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்கிற தெய்வத்துக்கு மிகச் சிறிய நாணயத்தின் பெயர் அமைந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெரிய செல்வம் தொலைத்தவர்களின் தெய்வம் அல்ல அவள்.

கிடைக்காதபோது தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காதில் துடைப்பக்குச்சியைச் செருகிக்கொள்ளும் பெண்களைக் கண்டிருப்போம். துளை தூர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. மூட்டை கட்டும் அவசரத்தில் இந்தத் தேடலுக்கெல்லாம் நேரம் ஏது?

குடிசைப்பகுதியில் தங்கம் அலங்காரத்துக்கானது மட்டும் அல்ல. பள்ளிக் கட்டணம், பிரசவம், ஊரில் ஒரு சாவு என்றால் ரயில் டிக்கெட், எல்லாம் அதிலிருந்து வரும். அடகுக்கடைக்குப் போகும், சீட்டு எடுத்தால் திரும்பும், மறுபடி போகும். 2025 ஏப்ரலில் சென்னையில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது. அதே வேனிற்காலத்தில்தான் இந்த 370 வீடுகளுக்கும் நாள் குறித்தார்கள். அடகில் இருக்கும் நகையை மீட்டு எடுத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியவர்களுக்கு அந்த விலையேற்றம் உதவியா சுமையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கூடுதல் கடன் கிடைக்கும் என்பதும் உண்மை, ஒருமுறை விற்றுவிட்டால் இனி வாங்கவே முடியாது என்பதும் உண்மை.

யாருக்கு மாற்று வீடு என்பதை முடிவு செய்யத் தில்லியின் விதி இதுதான்: குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அந்தக் குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயரும் குறிப்பிட்ட பன்னிரண்டு சான்றுகளில் ஏதாவது ஒன்றும் காட்ட வேண்டும். குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று போகும் பட்டியல் அது. இடிப்பின்போது வெளிவந்த கணக்குப்படி 189 வீடுகள் தேறின, 181 தேறவில்லை. சல்லடையில் அரிக்கிறவர் கண்ணி எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்ப்பார், பெரிய கண்ணியில் திருகாணி தங்காது. ஒரே சந்தில், ஒரே ஆண்டில் வந்து குடியேறியவர்களில் ஒருவர் தங்கி ஒருவர் விழுந்துவிட்டார் என்றால், விழுந்தவரிடம் என்ன குறை என்று கேட்பதற்கு முன் கண்ணியைத்தானே பார்க்க வேண்டும்? அடகுச் சீட்டு அந்தப் பன்னிரண்டில் இல்லை. ஒரு பெண் அந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாள், எந்தெந்த மாதம் தவித்தாள் என்பதை ஆண்டு வாரியாகச் சொல்லக்கூடிய காகிதம் அதைவிட வேறு எது?

தேறியவர்களுக்கு வீடு நரேலாவில். தில்லியின் வடகோடி. நடந்து வேலைக்குப் போனவர்கள் பஸ் மாறி மாறி வர வேண்டும், தமிழ்ப் பள்ளி அங்கே இல்லை. சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் தில்லியில் பிறந்து தில்லியில் வேலைக்குப் போய்த் தில்லியிலேயே பேரப்பிள்ளை கண்ட ஒருவருக்குச் சொந்த மாவட்டம் எது?

இடித்த மேட்டில் எந்த மெட்டல் டிடெக்டரும் உதவாது. தகரம், ஆணி, முறுக்குக்கம்பி, அடுப்புக்கால், மின்கம்பி எல்லாம் கலந்து கிடக்கும். கார்ஃபீல்டின் மெத்தையைப்போல் எங்கே வைத்தாலும் கத்தும். அங்கே மனிதக் கைதான் வேலைக்காகும். அந்தக் கைகள் தில்லியில் நிறைய இருக்கின்றன. யமுனையின் பழைய இரும்புப் பாலத்தடியில் கயிற்றில் காந்தம் கட்டி வீசி, பக்தர்கள் எறிந்த காசை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களின் எஃகு காந்தத்தில் ஒட்டும். தங்கம் ஒட்டாது, அதற்கு முங்கி அடிமண்ணை அள்ளி வர வேண்டும், அதையும் செய்கிறார்கள். நகைப்பட்டறைகளின் தெருக்களில் நியாரியாக்கள் இருக்கிறார்கள். பட்டறை பெருக்கிய தூசியையும் வாசல் சாக்கடையின் வண்டலையும் வாங்கி, எரித்து, சலித்து, தட்டில் தண்ணீர்விட்டுச் சுழற்றிச் சுழற்றி மேல்மண்ணைக் கழியவிடுவார்கள். கடைசியில் தட்டின் ஓரத்தில் கண்மை தீற்றியதுபோல் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அதற்குள் மினுக்கும். கோயம்புத்தூர்ப் பட்டறைத் தெருக்களிலும் இதே தொழில் உண்டு. பாதரசமும் அமிலமும் வெறுங்கையில் புழங்கும் தொழில் என்பதால் இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்களுடைய நுரையீரலுக்கு யார் பொறுப்பு என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆனால் அந்த அறிவு இருக்கிறது. சேற்றில் எது எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்கள் அந்த நகரத்திலேயே இருக்கிறார்கள்.

மண்ணில் கிடைத்ததை உரியவரிடம் சேர்க்கச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருகிறவர்களை அழைக்க வேண்டும், நான்கு மாதமாவது அவகாசம் தர வேண்டும். நூறாண்டுக்குள் புதைத்த பொருள் என்றால் புதைத்தவரோ அவர் வழிவந்தவரோ வந்து கேட்கலாம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்கூட, மண்ணுக்குள் எதையோ வைத்தவருக்கு நூறாண்டு ஞாபகம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. மதராசி கேம்ப்பின் மிகப் பழைய வாசக்காலுக்கு வயது அதில் பாதிதான்.

செய்துகாட்டியவர்களும் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண்சரிவு கொண்டுபோனது. தோட்டத் தொழிலாளர்களாகப் போன தமிழ்க் குடும்பங்களும் அதில் இருந்தன. தேடும்போது கிடைக்கும் நகையையும் பணத்தையும் கட்டுப்பாட்டு அறையில் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆகஸ்ட் நடுவில் வெள்ளார்மலைப் பள்ளி அருகே பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்த ஏறத்தாழ 4 லட்சம் ரூபாயைத் தீயணைப்புப் படையினர் எடுத்து அப்படியே ஒப்படைத்தார்கள். நள்ளிரவுக்குப் பின் ஊர் தூங்கும்போது மலை இறங்கிய இடத்தில் இது முடிந்திருக்கிறது. நீதிமன்றம் தேதி குறித்து, அதிகாரிகள் பட்டியல் எடுத்து, இயந்திரம் வரும் நாளை வாரக்கணக்கில் முன்பே அறிந்து செய்யும் இடிப்பில் இது ஏன் முடியாது?

நாலா தூர்வாரப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் வெள்ளம் முதலில் நுழைவது கரையோர வீடுகளுக்குள்தான், அது அங்கே இருந்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அடுத்த முறை இன்னொரு கேம்ப்புக்கு நாள் குறிக்கும்போது, இயந்திரம் வருவதற்கு முன் வாசக்காலைக் கையால் பெயர்த்தெடுக்க வீட்டுக்காரருக்கு ஆள் துணையும் இரண்டு நாளும் தரட்டும். இடிபாட்டை லாரியில் ஏற்றுமுன் வீட்டு எண் வாரியாகப் பிரித்துப் போடட்டும். அள்ளிய வண்டலை நேரே குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் கரையில் பரப்பி, நியாரியாக்களைக் கூலிக்கு அமர்த்தி, கையுறையும் முகமூடியும் கொடுத்து அரிக்கச் சொல்லட்டும். கிடைத்ததை எழுதிவைக்க ஒரு பதிவேடு, உட்கார ஒரு மேசை, ஒரு பொறுப்பான அலுவலர். பட்டியலில் தேறாதவர்களும் வந்து கேட்கலாம் என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு பலகை. நரேலாவிலிருந்து அதற்காக வருகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை போகும். அந்தக் கூலியையும் பஸ் கட்டணத்தையும் தூர்வாரும் செலவோடு சேர்த்தே கணக்கெழுத வேண்டும்.